சென்னாக்கூனி தின்னும் திமிங்கலம்

வேதாரண்யம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. திமிங்கலத்தின் கழிவை அள்ளி, அது என்ன தின்றது என்று டிஎன்ஏவை வைத்து ஆராயப் போவதாகப் போன வாரம் நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு உன் அத்தை, "திமிங்கலத்துப் பீயை அள்ளவா இவ்வளவு படிச்சா?" என்றாள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது முள்ளாகக் குத்துகிறது. முப்பது வருஷம் மாட்டுச் சாணியைச் சோதித்துப் பார்த்துத்தானே உன்னைப் படிக்க வைத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். இனிக் கரையாது என்கிற வரை நம்ம ஊர் உப்பைத் தண்ணீரில் கலக்கி, பாக்களவு சாணியைக் கரைத்து வடிகட்டி, குழாயில் விளிம்பு வரை ஊற்றி, மேலே கண்ணாடிச் சில்லை வைப்பேன். கால் மணி நேரத்தில் மாட்டின் குடல் புழு முட்டைகள் மிதந்து வந்து சில்லில் ஒட்டும். நீ ஸ்டூலில் ஏறி நின்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாய். வாயில்லா ஜீவன் சொல்லாததைச் சாணி சொல்லும்.

ஒரு காலத்தில் திமிங்கலம் என்ன தின்றது என்று அறிய, வேட்டையில் கொன்றதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். கழிவில் தேடினால் மீனின் காதுக்கல், கணவாயின் அலகு போன்ற கெட்டிப் பொருள் கிடைக்கலாம். பொடி இறால் பெரும்பாலும் கரைந்துபோகும். ஆனால் அதன் டிஎன்ஏ துண்டு துண்டாகவாவது மிஞ்சுகிறது என்று நீ சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. விலங்கைத் தொடக்கூட வேண்டாம், மிதப்பதை வலையால் அள்ளினால் போதும்!

கோடியக்கரைக்கு எதிர்க்கரைதான் இலங்கை. அங்கே கடல் உயிரியல் ஆய்வாளர் ஆஷா டி வோஸ் 2003இல் நீலத் திமிங்கலங்களையும், பக்கத்தில் செங்கல் நிறத்தில் மிதந்த கழிவையும் பார்த்தார் என்று நீ அனுப்பியதில் படித்தேன். குளிர்கடல் நீலத் திமிங்கலங்களுக்குக் கிரில் என்கிற, இறால் போன்ற பொடி உயிர்தான் ஆகாரம். இவை வெதுவெதுப்பான கடலிலேயே தின்று வாழ்கின்றனவே, எதைத் தின்று? 2018இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட டிஎன்ஏ ஆய்வில் முக்கியமாகத் தெரிந்தது செர்ஜெஸ்டிட் என்கிற பொடி இறால் வகை. நம்ம சென்னாக்கூனிக்குப் பங்காளி! அம்மாவிடம் சொன்னேன். வாணலியில் வறுத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இந்தத் துளியூண்டைத் தின்னா அவ்வளவு பெரிய உடம்பு?" என்றாள்.

அதே கழிவில் ஒட்டுண்ணிகளின் டிஎன்ஏவும் இருந்ததாமே. அதை விட்டுவிடாதே கயல், நோயும் அங்கேதான் எழுதியிருக்கும்.

ஒன்று மட்டும் கவனி. ஒரு கிராம் சாணியில் ஐந்நூறு முட்டை இருந்தால் புழு எத்தனை என்று நான் சொன்னதில்லை. ஒரு வகைப் புழு கொட்டித் தீர்க்கும், இன்னொன்று கொஞ்சமாகத்தான் இடும். உன் டிஎன்ஏ கணக்கும் அப்படித்தான் இருக்கும். ஒன்றின் டிஎன்ஏ நிறையக் கிடைத்ததால் அதைத்தான் வயிறு நிறையத் தின்றது என்று உடனே எழுதிவிடாதே. இறால் தின்ற இரையின் டிஎன்ஏவும் இறாலோடு சேர்ந்து வந்திருக்கலாமே, அதை எப்படிப் பிரிப்பீர்கள்? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது விளக்கமாகச் சொல். அத்தையையும் பக்கத்தில் உட்கார வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா