எதுவும் நடக்காத மாலைகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அன்று. நான் நடத்தும் இளைஞர் மையத்தின் ஆண்டுக் கணக்கை முடித்துத் தணிக்கையாளரிடம் ஒப்படைக்கும் வரை வேறு எதிலும் மனம் செல்லவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு நன்றாக உறங்குகிறீர்கள் என்பதும், முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்பதும் மகிழ்ச்சி தந்தன. ஆனால், உறவினர் ஒருவர் தம்முடைய பழைய கிடங்கை இளைஞர்கள் கூடும் பொது இடமாக நடத்திக்கொள்ளத் தர முன்வந்திருக்கிறார், ஏற்றுக்கொள்ளலாமா என்று கடைசிப் பத்தியில் போகிற போக்கில் கேட்டிருந்தீர்களே, அந்த ஒற்றை வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

நான் இதை ஒன்பது ஆண்டுகளாக நடத்துகிறேன் என்று சொன்னவுடன், பணத்துக்கு என்ன செய்கிறீர்கள், சண்டை சச்சரவு வருமே எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் உண்மையான தொல்லைகளே. ஆயினும் என்னை உண்மையில் களைப்படையச் செய்தது இவை இரண்டும் அல்ல. எதுவும் நடக்காத மாலைகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதுதான்.

விளக்கமாகச் சொல்கிறேன். நன்கொடை தருபவர்கள் பயிற்சி வகுப்புக்குத் தருவார்கள், போட்டிக்குத் தருவார்கள், மூன்று நாள் முகாமுக்குத் தருவார்கள். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்ற எண்ணிக்கையும், பதாகைக்கு முன்னால் எல்லோரும் நிற்கும் புகைப்படமும் அவர்களுக்குக் கிடைத்துவிடும். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, யார் வந்தாலும் வராவிட்டாலும் நான்கு மணி நேரம் அங்கே இருக்கிற ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் எவரும் முன்வருவதில்லை. வாடகையும் மின்கட்டணமும் அவர்களுடைய விண்ணப்பப் படிவத்தில் ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பின்கீழ் வந்துவிடுகின்றன. அந்தத் தலைப்பைக் கண்டாலே குறைக்கச் சொல்வார்கள். ஆகவே கதவைத் திறந்து வைப்பதற்காக நாங்கள் திட்டங்களைக் கண்டுபிடிக்கிறோம். பிறகு அந்தத் திட்டங்களை நடத்துவதற்காகவே, சும்மா வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளை, இன்று வகுப்பு நடக்கிறது, நாளை வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறோம்.

ஒரு பையன் ஏழு மாதங்கள் தொடர்ந்து வந்தான். சன்னலோரம் உட்காருவான், கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்துகொள்வான், போய்விடுவான். எந்த வகுப்பிலும் சேர்ந்ததில்லை, எந்தப் போட்டியிலும் பெயர் கொடுத்ததில்லை. எட்டாவது மாதத்தில் ஒருநாள், நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து, விண்ணப்பத்தில் தந்தையின் பெயருக்குப் பதிலாக வேறு யாருடைய பெயரையாவது எழுதலாமா என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஒரு வீட்டின் கதை முழுவதும் இருந்தது. அதைக் கேட்பதற்கு அவனுக்கு ஏழு மாதங்கள் தேவைப்பட்டிருக்கின்றன. இதை அறிக்கையில் எப்படி எழுதுவது? பயனாளிகள்: ஒருவர். செயல்பாடு: நாற்காலி அடுக்குதல். அப்படி எழுதினால் அடுத்த ஆண்டு நிதி கிடைக்காது.

வீடு முதல் இடம், பணியிடம் இரண்டாம் இடம், இரண்டும் அல்லாமல் மனிதர்கள் கூடிப் பேசும் பொதுவெளி மூன்றாம் இடம் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் வகைப்படுத்தினார். அத்தகைய இடங்களில் பேச்சுதான் முதன்மையான செயல்பாடு என்பது அவருடைய கருத்து. பெரியவர்களுக்கு இத்தகைய இடங்கள் ஏதோ ஒரு வகையில் அமைந்துவிடுகின்றன. எதையாவது வாங்கினால் உட்கார அனுமதிப்பார்கள். கையில் காசில்லாத பதினாறு வயதுப் பிள்ளை எங்கே போய் உட்காருவது? தெருமுனையில் நான்கு பேராக நின்றால் ஐந்தாவதாக ஒருவர் வந்து, இங்கே என்ன வேலை என்று கேட்கிறார். 1844இல் லண்டனில் துணிக்கடை ஊழியராயிருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ், தம்மைப் போன்ற இளம் தொழிலாளர்களுக்காக ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நாடியது கூடி வழிபடுவதும் மறைநூல் வாசிப்பதும். ஆயினும் வேலை முடிந்தபின் தெருவையும் மதுக்கடையையும் தவிர வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு அது ஓர் இடமாயிற்று. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தத் தேவை அப்படியே இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

அடுத்ததாக வயதுச் சிக்கல். ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அனைவரையும் பொதுவாகக் குழந்தைகள் என்கிறது. அதே சபை புள்ளிவிவரத்துக்காக 15 முதல் 24 வயது வரையுள்ளோரை இளைஞர்கள் என்று கணக்கிடுகிறது. அப்படியானால் எங்கள் கூடத்துக்கு வரும் பதினாறு வயதுப் பெண் குழந்தையும் ஆவாள், இளைஞரும் ஆவாள். அவளுக்கு எதிரே அமர்ந்து சதுரங்கம் ஆடும் இருபத்துமூன்று வயதுக்காரர் சட்டப்படி வயது வந்தவர். இருவருக்கும் ஒரே கூரை, ஒரே கழிப்பறை நடைபாதை. எனவே எந்தப் பெரியவரும் சிறுவரோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது, கதவுகளில் கண்ணாடி இருக்க வேண்டும், எப்போதும் பொறுப்பாளர்கள் இருவர் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தோம். தேவையான விதிதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று கதவைத் திறக்க முடியாது என்பதே அதன் பொருள் என்று எழுதும்போது நாங்கள் யோசிக்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும் பிள்ளை மறுநாளும் வருவான் என்று நினைக்காதீர்கள்.

உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒரு பிழை உண்டு. தொடங்கிய நான்காவது மாதம் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது, பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசிப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லாமற்போயிருந்தது. யாரும் முறையிடவில்லை, கோபித்துக்கொண்டு போகவில்லை, ஓசையில்லாமல் நின்றுவிட்டார்கள். நானோ காலாண்டு அறிக்கையில், பெண்கள் போதிய ஆர்வம் காட்டவில்லை என்று எழுதி அனுப்பியிருந்தேன். பிறகு ஒருநாள், எங்கள் தன்னார்வலர்களில் ஒருவரான பெண்மணி என்னை வாசலில் நிற்க வைத்து, இங்கிருந்து புத்தக அலமாரிக்கு நடந்து போய் வாருங்கள் என்றார். மேசைப்பந்து மேசை வாசலுக்கு நேர் எதிரே கிடந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பையன்கள் சாய்ந்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவே உரசாமல் புகுந்து போனால்தான் அலமாரிக்கும் கழிப்பறைக்கும் போக முடியும். கழிப்பறை நடைபாதையில் விளக்கில்லை, கதவின் உட்தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. மேசையைக் கூடத்தின் பின்பக்கம் மாற்றினோம், விளக்குப் போட்டோம், தாழ்ப்பாளைச் சரி செய்தோம், பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேரும்படி வாரத்தில் இரண்டு நாள் முன்னதாகவே திறந்தோம். சிலர் திரும்பி வந்தார்கள், எல்லோரும் வரவில்லை. ஆர்வமில்லை என்று எழுதிய அறிக்கை இன்னும் என் கோப்பில் இருக்கிறது, அதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை.

இனி சாவியின் கதை. பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையொன்றில் விளக்கியிருக்கிறார். அடியிலுள்ள மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கொள்வதில்லை: பிள்ளைகளைத் தம் நோக்கத்துக்கு வளைப்பது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்குப் பேசச் சொல்வது. அதைப் படித்தபோது எங்கள் ஆண்டு விழா நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாயிருந்தது. மேடையில் வரவேற்புரை வாசித்த பிள்ளைக்கு அந்த உரையில் ஒரு வரிகூடச் சொந்தமில்லை. உடனே மறுகோடிக்குப் போனேன். நிர்வாகம் முழுவதும் உங்களுடையது என்று சொல்லி, பதினெட்டு வயது கடந்த ஐவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். பெருந்தன்மை என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் பாதி களைப்பு.

ஆறே வாரங்களில் கூடம் உரத்த குரல் உடையவர்களின் வீடாகிவிட்டது. சிறுவர்களுக்கு மட்டை கிடைக்கவில்லை, கணக்கு நோட்டு காணாமற்போனது, யாரை உள்ளே விடுவது என்பதை நட்பும் பகையும் தீர்மானித்தன. ஐவரில் மூவர் நேர்மையாக உழைத்தவர்கள். அவர்கள்தாம் முதலில் மனம் உடைந்து விலகினார்கள். மறுபடியும் அந்த ஏணியை எடுத்துப் பார்த்தபோதுதான், முன்பு நான் அவசரத்தில் தாண்டிப் போன ஒன்று கண்ணில் பட்டது. பிள்ளைகள் தாமே தொடங்கித் தாமே நடத்துவது ஏழாவது படிதான். எட்டாவதான உச்சிப் படி, அவர்கள் தொடங்கிப் பெரியவர்களோடு கூடி முடிவெடுப்பது. நான் விலகிக்கொண்டதை மரியாதை என்று எண்ணியிருந்தேன். அவர்களோ அதைக் கைவிட்டுப் போனதாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சாவி இரண்டு. ஒன்று அவர்களிடம், ஒன்று எங்களிடம். வாரக் கூட்டத்தில் எங்கள் தரப்புக்கும் அவர்கள் தரப்புக்கும் வாக்கு உண்டு. சிறுவர் பாதுகாப்பு குறித்த விதிகள் மட்டும் வாக்கெடுப்புக்கு வருவதில்லை. நான் பல முறை தோற்றிருக்கிறேன். சுவருக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நிறத்தை இன்றும் என்னால் சகிக்க முடியவில்லை.

அக்கம்பக்கத்தார் முறையீடுகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. இரவு எட்டரைக்கு மேல் இசை இல்லை என்ற ஒப்பந்தமும், முறையிடுபவரை ஒருமுறை உள்ளே அழைத்து உட்கார வைப்பதும் முக்கால்வாசிப் பகையைத் தீர்த்துவிடுகின்றன. தீராதது, ஆள் மாற்றம். திட்ட நிதியில் வரும் பணியாளருக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான் ஒப்பந்தம். பிள்ளைகள் மனம் விட்டுப் பேசத் தொடங்கும் நேரத்தில் அவருடைய காலம் முடிந்துவிடும். அடுத்து வருபவர் எவ்வளவு நல்லவராயினும், இவரும் போய்விடுவார் என்ற கணக்கோடுதான் பிள்ளைகள் அவரைப் பார்க்கிறார்கள். பிள்ளைகளும் நிற்பவர்கள் அல்லர். வேலை கிடைத்தால் போவார்கள், மேற்படிப்பு என்றால் போவார்கள், போகத்தான் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடம் முழுவதும் புதிய முகங்களாகிவிடும். முன்பு இருந்தவர்கள் மாதக்கணக்கில் வாதாடி எழுதிய விதிகளைப் புதியவர்கள் நம்முடைய கெடுபிடி என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து வாதாடுவார்கள். அலுப்பாயிருக்கும். இருந்தும் நான் அந்த விதித்தாளை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டவில்லை. ஒவ்வொரு முறையும் கையாலேயே எழுதச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். செய்யுங்கள், ஆனால் திறப்பு விழாவோடு தொடங்காதீர்கள். வாரத்தில் ஆறு நாள் என்று அறிவித்துவிட்டு இரண்டு நாள் தவறுவதைவிட, மூன்றே நாள் என்று சொல்லி அந்த மூன்று நாளும் தவறாமல் திறப்பது மேல். உறவினர் வாய்ச்சொல்லாகத் தருவதை ஏற்காமல், இத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடம் பேர் பெற்றபின் திரும்பக் கேட்கப்பட்ட கட்டடங்களை நான் கண்டிருக்கிறேன், அப்போது வெறுங்கையோடு நிற்பது நாமல்ல, பிள்ளைகள். உங்களோடு சேர்ந்து பொறுப்பேற்க இன்னொருவர் உறுதியாகக் கிடைக்கும் வரை காத்திருங்கள். உங்கள் மனைவியாரிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாலை நேரங்கள் அவருக்கும் உரியவை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது மூன்று விவரங்களை மட்டும் தெரிவியுங்கள்: கிடங்குக்கு இரண்டாவது வாசல் இருக்கிறதா, கழிப்பறைக்குப் போகும் வழி எந்தப் பக்கம், மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் விளக்கு எரிகிறதா. முடிந்தால் கூடத்தின் படத்தைக் கையால் வரைந்து அனுப்புங்கள். மேசைப்பந்து மேசையை எங்கே போடக் கூடாது என்பதை நான் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்