யானை ஆராய்ச்சி செய்யும் அந்த அக்காவுக்கு நன்றி

வால்பாறையில் எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கொழுந்து பறிக்கப் போகும் என் அம்மாவிடம் யானைகளைப் பற்றிப் பொறுமையாகப் பேசிய காட்டுயிர் ஆராய்ச்சியாளர் அக்காவுக்கு இந்தப் பதிவு. பெயரைச் சொல்லிக்கொள்ளவே இல்லை.

இந்தப் பீடபூமியில் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் காடு மிச்சம் இருக்கிறது, சுற்றிலும் ஆனைமலைக் காடு, அதனால் யானைகள் நடு ஆறு, சுங்கம் ஆறு ஓரத்து மரங்களை ஒட்டித்தான் கடந்து போகின்றன என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். இங்கே நடந்த சாவுகளில் பெரும்பாலானவை யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல் இருட்டில் எதிரே போய் மாட்டிக்கொண்டதால்தானாம். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் யானை நிற்கும் இடத்தைத் தமிழிலேயே எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவதும், யானை பக்கத்தில் இருக்கிறது என்று எச்சரிக்க, போன் செய்தால் எரியும் சிவப்பு விளக்குகளும் வந்தன. எவ்வளவு எளிமையான யோசனை, ஆனால் அதற்குப் பின்னால் எத்தனை வருட நடை!

அப்புறம், அம்மா கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார், ஒன்றையும் சின்னதாக நினைக்கவில்லை. குட்டியோடு வரும் கூட்டத்தை விரட்டினால் இன்னும் ஆபத்து, வழி விட்டால் தானாகப் போய்விடும் என்றார்.

அம்மா இப்போது எஸ்எம்எஸ் வந்தால் பக்கத்து வீடுகளுக்கும் கூப்பிட்டுச் சொல்கிறார். அக்கா, நீங்கள் எந்தக் காட்டில் இருந்தாலும் சரி, ரொம்ப நன்றி.