நாய்க்கும் பூனைக்கும் குளிரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உடலில் ரோமம் இருப்பதால் நாய்க்கும் பூனைக்கும் குளிர் தெரியாது என்று பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. அவற்றின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் என்பதால், அந்தச் சூட்டைத் தக்கவைக்கக் குட்டிகளும் வயது முதிர்ந்தவையும் குட்டை முடி கொண்ட இனங்களும் மிகுந்த சிரமப்படுகின்றன. வெறும் தரையில் படுக்கவிடாமல், காற்று நேராக வீசாத மூலையில், சற்று உயரமான படுக்கை அமைத்துக் கொடுத்தால் மூட்டுவலியுள்ள முதிய நாய்கள் ஓரளவு நிம்மதியாக உறங்கும். நனைந்து வந்தால் உடனே துவட்டிவிட வேண்டும்.

எனக்குப் பெரிதும் கவலையளிப்பது வேறொன்று. சளியோ காய்ச்சலோ கண்டால், மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரையைச் சிலர் பூனைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஆகவே ஒரே மாத்திரைகூட இரத்தச் சிவப்பணுக்களைப் பாதித்து, உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செய்து, உயிரைப் பறித்துவிடக்கூடும். கால்நடை மருத்துவர் சொல்லாத எந்த மருந்தையும், அன்பு மிகுதியால்கூட, தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கார் வைத்திருப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: சூடு தேடி எஞ்சின் பகுதிக்குள் பூனைகள் ஒண்டிக்கொள்வதுண்டு என்பதால், வண்டியைக் கிளப்பும் முன் முன்பக்க மூடியைப் பலமாகத் தட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்