பிள்ளையார் சுழிக்குக் கீழே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் அன்றைக்குப் போலவே ஏடாகூடமாக ஏதாவது வாயில் வந்துவிடும் என்று பயந்துதான் பேனாவை எடுத்தேன். திங்கட்கிழமை பிள்ளையார் சுழி போட்டேன். இன்றைக்கு வியாழன். நடுவில் மூன்று நாள் இந்தத் தாள் கட்டிங் டேபிளில் கத்திரிக்கோலுக்கு அடியில் கிடந்தது.

"டாக்டர் எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்குன்னு சொல்லிட்டாருப்பா, கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறு" என்று நீ சொன்னதும், "சோம்பேறித்தனத்துக்கும் இங்கிலீஷ்ல பேர் வச்சுட்டானுகளா?" என்று கேட்டுச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சரிப்பா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். 29 வயசுப் பிள்ளை, பெங்களூரில் தனியாக டாக்டரைத் தேடிப் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்து, முதலில் கூப்பிட்டது என்னை. அது எனக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆனது.

உன் பழைய நோட்டெல்லாம் பரணில்தான் இருக்கிறது. அம்மா எடைக்குப் போட விடமாட்டாள். இறக்கிப் பார்த்தேன். மேலே உ. அப்புறம் தேதி. பிறகு தலைப்பு, அதற்கடியில் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் இரண்டு கோடு. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டில் பதினொரு பக்கம் இப்படியே போகிறது. அதே பாடத்தில், பரீட்சைக்கு முந்தின ராத்திரி விடிய விடியப் படித்துவிட்டுப் போய் 92 வாங்கினாய். உன்னை ஆரம்பசூரி என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அந்த வசவுகூடப் பொருந்தாது. உனக்கு ஆரம்பம்தான் சூரசம்ஹாரம்.

மர ஸ்கேலால் அடித்தும் இருக்கிறேன். படிப்பு வராத பிள்ளையாக இருந்தால் கை ஓங்கியிருக்க மாட்டேன். மார்கழியில் பனியில் குத்தவைத்து நாலு மணி நேரம் கோலம் போடுகிற பிள்ளை, பத்து வரி எழுத உட்கார மாட்டேன் என்றால், வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பது அடித்ததற்குச் சமாதானம் ஆகாது. என்னை மன்னித்துவிடு தாயி. இந்த ஒரு வரியை எழுதத்தான் மூன்று நாள் ஆனது.

வெள்ளைக் கோட்டுத் தைக்க ஒரு பெண் வருவாள், மனநல மருத்துவத்தில் மேல்படிப்புப் படிக்கிறாள். அளவுக்குப் பழைய கோட்டைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன். இது நேற்று முளைத்த சங்கதி இல்லையாம். 1902-லேயே ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி நன்றாக இருந்தும் கவனத்தை நிறுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி லண்டனில் பேசியிருக்கிறார். இப்போதிருக்கும் பெயர்தான் 1987-ல் வந்தது. ரொம்ப நாள் இதைச் சின்னப் பிள்ளைகளின் பிரச்சினை என்றே வைத்திருந்தார்களாம். அதிலும் ஓடிக் குதிக்கிற பையன்கள் டாக்டர் கண்ணில் படுவார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பெண் பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை. உன் ரேங்க் கார்டில் வருஷா வருஷம் 'கவனம் போதாது' என்று எழுதித் தந்தார்கள். நானும் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டேன்.

வேலை முக்கியம் என்று தெரிவது வேறு, அதற்குக் கை போவது வேறு என்றாள் அந்தப் பெண். பலன் தூரத்தில் இருந்தால் இந்த மூளை கிளம்பாது. பரீட்சை நாளைக்கு என்றாலோ, பிடித்த கோலம் என்றாலோ சட்டென்று எழுந்துவிடும். மூளையைக் கிளப்பிவிடுகிற டோபமின் என்ற ரசாயனம் உங்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி ஓடுகிறது என்கிறார்கள். கடைசியாக, உயரம் வம்சத்தில் வருகிற மாதிரி இதுவும் பெரும்பாலும் வம்சத்தில் வரும் என்றாள். "அப்பா வழியா, அம்மா வழியா அங்கிள்?" நான் அளவு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். முன்னறைப் பெட்டியில் ஒரு பச்சைப் பட்டுத் துணி இருக்கிறது. பக்கத்துத் தெரு அம்மா பேத்திக்குப் பாவாடை தைக்கக் கொடுத்தது. ஒரு மணி நேர வேலை. முதல் வாரம் மறந்துபோனேன். இரண்டாம் வாரம் நினைவிருந்தது, கை போகவில்லை. மூன்றாம் மாதத்தில் அந்தம்மா வருவதைப் பார்த்தாலே கொல்லைப் பக்கம் போய்விடுவேன். ஒரு நாள் துணிந்து துணியை விரித்தால், அந்தப் பிள்ளை அதற்குள் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள், நோட்டில் இருந்த அளவு செல்லாது. நாள் ஆக ஆக வேலை அதே ஒரு மணி நேரம்தான். அதன் மேல் ஏறுகிற வெட்கம்தான் மலையாகிவிடுகிறது.

இதே நான் மதுரை மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருபத்தாறு வருஷம் ஒரு துணி தங்கவிடாமல் தைத்தேனே! தூணுக்குத் தூண் மெஷின். பக்கத்து மெஷின் ஓட ஆரம்பித்தால் என் கால் தானாக மிதிக்கும். எதிரே காஜா போடும் பையன் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடுப்பு தைக்கக் கொடுத்தவர்கள் தலைமாட்டில் நிற்பார்கள். ஆற்றில் இறங்குகிற நாளை எனக்காக அழகர் தள்ளிவைக்கவா போகிறார்? அதையெல்லாம் என் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லி, மற்றவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனபோது நான் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டேன் பார், அப்போதுதான் சாயம் வெளுத்தது. பச்சைப் பாவாடை அதற்கு அப்புறம் வந்ததுதான்.

2020-ல் உன் கம்பெனி உன்னை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோது உனக்கும் இதுதான் நடந்திருக்கும். ஒரு ரூம், ஒரு லேப்டாப், பக்கத்தில் மெஷின் சத்தம் இல்லை. நான் மட்டும் இங்கிருந்து "மனசு வச்சா முடியாதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மாத்திரையைப் பற்றி அம்மாவுக்கு ஒரே பயம், பழகிவிடுமோ என்று. அந்தப் பெண்ணிடம் அதையும் கேட்டேன். டாக்டர் சொன்ன அளவில், அவர் பார்வையில் சாப்பிட்டால் அப்படிப் பயப்பட வேண்டாம் என்றாள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடியும் பிரஷரும் பார்த்துக்கொள்ள வேண்டும். உனக்கு எழுதிக்கொடுத்திருக்கிற அந்த மெத்தில்ஃபெனிடேட்டை 1944-ல் முதலில் தயாரித்த சுவிஸ்காரர், அவர் மனைவி ரீட்டாவின் பெயரைத்தான் அதற்கு வைத்தாராம், ரிட்டலின் என்று. அம்மாவிடம் சொன்னேன். "நீங்க எனக்கு என்னத்துக்குப் பேரு வச்சீங்க?" என்றாள். பயம் அதோடு பாதி போய்விட்டது. மாத்திரை மெஷினுக்கு விடுகிற எண்ணெய் மாதிரி, மிதிப்பது நாம்தான். எண்ணெய் இல்லாமல் மிதித்து மிதித்துத்தான் உனக்கு இத்தனை வருஷம் கால் வலித்தது என்றும் இப்போது தெரிகிறது.

தையல்காரன் எனக்குத் தெரிந்த இரண்டொரு தந்திரம் இருக்கிறது. 'பிளவுஸ் தைக்கணும்' என்று நான் நினைக்கவே மாட்டேன், நினைத்தால் அன்றைக்கு நடக்காது. 'லைனிங் துணியைத் தண்ணீரில் போடணும்' என்று மட்டும் நினைப்பேன். போட்டுவிட்டால், காய்ந்ததும் எடுக்கத்தானே வேண்டும்? அப்புறம், ராத்திரி எழுந்திரிக்கும்போது ஒரு தையலை முடித்துவிட்டு எழுந்திரிக்க மாட்டேன். பாதியில், ஊசி துணியில் குத்தியபடியே விட்டுவிடுவேன். காலையில் எதிலிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை. நீ ஜனவரிக்கு ஜனவரி வாங்குகிற டைரி, எனக்குத் தெரிந்து, முதல் வாரத்தைத் தாண்டியதில்லை. அதற்குச் செலவழிக்காதே.

வருமான வரி ரிட்டர்னை ஜூலையில் விட்டுவிட்டு, போன வருஷம் 5,000 ரூபாய் அபராதம் கட்டி டிசம்பர் 30 ராத்திரி போட்டாயே, இந்த வருஷமும் அது அப்படியே கிடக்கிறது என்று உன் தம்பி சொன்னான். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. பெட்டியிலிருக்கும் பச்சைத் துணி ஞாபகம் வந்தது, அதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வீடியோவில் கூப்பிடுகிறேன். ஃபோனை எதிலாவது சாய்த்து வை, முகம்கூடக் காட்ட வேண்டாம். அந்தம்மாவிடம் நேற்றுப் போய்ப் பேத்திக்குப் புது அளவு எடுத்து வந்திருக்கிறேன், அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம். நான் பாவாடையை வெட்டுகிறேன். நீ அந்த இணையதளத்தைத் திறந்து பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போ. அதற்கு மேல் ஓடவில்லை என்றால் மூடிவிடு, அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். அம்மா நடுவில் வந்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். பதில் சொல்லிவிடு. மியூட் மட்டும் போடாதே, உன் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டால்தான் எனக்குக் கத்திரி ஓடும்.

அன்புடன்,
அப்பா