பத்திரிகை கொடுத்த பெயர்

ஆசிரியருக்கு வணக்கம். நீதிக்கட்சி பற்றிப் பேசும்போதெல்லாம், கட்சி ஆரம்பித்து அப்புறம் தனக்கென்று ஒரு பத்திரிகை வைத்துக்கொண்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், பெயர் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. 1916 நவம்பரில் தியாகராயர், டி.எம். நாயர், நடேசனார் எல்லோரும் கூடித் தொடங்கியதன் உண்மையான பெயர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். ஆங்கிலம், தமிழ், தெலுங்கு மூன்றிலும் ஏடு வேண்டும் என்று தென்னிந்திய மக்கள் சங்கம் என்ற பெயரில் பங்கு சேர்த்து ஒரு கம்பெனியே அமைத்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பேசுவதற்கு நமக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டிருக்கிறார்கள்! 1917 பிப்ரவரியில் நாயரை ஆசிரியராகக் கொண்டு ‘ஜஸ்டிஸ்’ வந்தது. தமிழுக்குத் ‘திராவிடன்’. ஜனங்கள் அந்த நீளமான பெயரை விட்டுவிட்டு, ஏட்டின் பெயரிலேயே ஜஸ்டிஸ் கட்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுதான் தமிழில் நீதிக்கட்சி. ‘திராவிடன்’ பழைய இதழ்களையும் எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிட வேண்டும், ஆங்கில ஏட்டைப் பற்றியே பேசிப் பேசி தமிழ் ஏட்டை மறந்துவிட்டோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உங்கள் வாசகர்