மேடையை மறைக்காத போட்டோகிராபர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகளின் திருமணம் வைகாசியில். போட்டோகிராபர் தேடியபோது வந்தவர்கள் எல்லாரும் ‘கேண்டிட்’ படங்களையே, அதாவது போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுத்த படங்களையே காட்டினார்கள்: மருதாணிக் கை, கண்ணீர்த் துளி, ட்ரோன் காட்சி. அழகுதான். ஆனால் அவை பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கி எடுத்தவை. ஒரே கல்யாணத்தின் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கவேண்டும் என்றேன். ஒருவர்தான் காட்டினார். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில், ஹோமப் புகைக்கு நடுவே எடுத்த படங்களும் அதில் தெளிவாக இருந்தன. அவரையே பேசி முடித்தோம்.

மேடையில் வரிசையாக நின்று எடுக்கும் குடும்பப் படங்களைப் பழசு என்று இளையவர்கள் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். என் அப்பாவின் முகம் எங்களிடம் மிஞ்சியிருப்பது அப்படியொரு படத்தில்தான்.

மற்றொன்று, தாலி கட்டும் நேரத்தில் கேமராக்காரர்கள் மணமக்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அட்சதையோடு காத்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரிவது அவர்கள் முதுகு மட்டுமே. தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தால் ஓரமாகத் தள்ளி நின்றே எடுக்கலாம். பெற்றோர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைக் கண்டிப்பாகப் பேசிவிட வேண்டும். மண்டப நிர்வாகிகளும் கேமராக்காரர்களுக்கென்று மேடையோரம் ஓர் இடம் ஒதுக்கலாம்.

- ஒரு வாசகி, கும்பகோணம்