மவுத்வாஷ் பற்றித் தவத்துக்கு

பரந்தன்

அன்பு மச்சான் தவத்துக்கு,

உன்ரை கடிதம் கிடைச்சுது. அக்காவின்ரை கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சது பெரிய ஆறுதல். இஞ்சை சிறுபோகம் விதைச்சாச்சு. இரணைமடுவிலை தண்ணி இருக்கிறபடியால் இந்தமுறை எங்கடை வாய்க்காலின்ரை கடைசி வயல் வரைக்கும் வரும் எண்டு நம்பியிருக்கிறம்.

மகன் கனடாவிலையிருந்து அனுப்பின மவுத்வாஷைப் பற்றிக் கேட்டிருந்தாய். பல்லுத் தீட்டின கையோடை அதாலை கொப்பளிக்கிறன் எண்டு எழுதினாய். முதல் அதை மாத்து. பேஸ்டிலை இருக்கிற புளோரைட் பல்லிலை கொஞ்ச நேரம் தங்க வேணும். பெரியாக்கள் பாவிக்கிற பேஸ்டிலை அது 1000 முதல் 1500 பிபிஎம் வரை, எண்டால் பத்து லட்சம் பங்கிலை அவ்வளவு பங்கு இருக்கும். தினம் பாவிக்கிற புளோரைட் மவுத்வாஷிலை 225 அளவுதான். கூடினதைக் குறைஞ்சதாலை கழுவி ஊத்துறாய். தீட்டி முடிய நுரையைத் துப்பு, காணும். தண்ணியாலையும் கொப்பளிக்காதை. மவுத்வாஷை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைச்சுக்கொள். போத்தலிலை சொன்ன அளவை, சொன்ன நேரத்துக்கு, பல்லிடுக்கெல்லாம் போய்வரக் கொப்பளிச்சுத் துப்பு. பிறகு அரை மணித்தியாலம் ஒண்டும் வாயிலை வைக்காதை. தேத்தண்ணியும்தான். பேரனுக்கு இன்னும் ஆறு வயசு ஆகேல்லைத்தானே, அவன் கேட்டாலும் குடாதை. சின்னப்பிள்ளையள் துப்பாமல் விழுங்கிப்போடுவினம்.

பார்மசியிலை நிக்கிற எனக்கு இன்னொண்டும் சொல்ல வேணும். பல்லு முரசு (ஈறு) வீங்கினால் டொக்டர்மார் குளோர்ஹெக்சிடின் எண்ட மருந்தை எழுதிக் குடுப்பினம். நல்ல மருந்து. ஆனால் சனம் சுகம் வந்த பிறகும் அந்தப் போத்தலை மாசக்கணக்காய் வாங்குது. கனநாள் பாவிச்சால் பல்லு மண்ணிறமாகும், நாக்கின்ரை ருசியும் மாறும். பேஸ்டோடை சேர்ந்தால் அதின்ரை வேலையும் கெடும், அதாலை இரண்டுக்கும் இடையிலை அரை மணித்தியாலமாவது விட வேணும். சொன்ன நாளுக்கு மேலை அது தேவையில்லை. எந்த மவுத்வாஷ் எண்டாலும் பல்லிலை ஒட்டின ஊத்தையைப் பிரஷ்தான் எடுக்கும்.

இனி உண்மையிலை என்னைக் கவலைப்படுத்தின விசயம். உறைப்புக் கறி பட்டால் வாய் எரியுது, மவுத்வாஷாலைதானோ எண்டு கேட்டிருந்தாய். அற்ககோல் கலந்த மவுத்வாஷ் எரிக்கும், வாயையும் காய வைக்கும். உன்ரை போத்தலிலை அது இருந்தால் விட்டுப் பார். ஆனால் நீ இருபது வயசிலையிருந்து வெத்திலை போடுற ஆள். பாக்கு உட்கன்னத்துத் தோலை மெல்ல மெல்ல இறுக்கும், அதின்ரை முதல் அறிகுறியிலை ஒண்டு இந்த எரிவு. போகப் போக வாய் திறக்கிறதே கஷ்டமாகும். மூண்டு விரலை நிமித்தி வாய்க்குள்ளை வைச்சுப் பார், போகாட்டிக் கவனிக்க வேண்டிய விசயம். புகையிலையை விட்டிட்டன், வெறும் வெத்திலை பாக்குத்தான் எண்டு நீ ஆறுதல்படுறாய். புகையிலை சேராத வெத்திலைக் கூட்டும், தனிப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ரை புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 இலை வெளியிட்ட அறிக்கையிலை தெளிவாய் இருக்கு. இலங்கையிலை ஆம்பிளையளுக்குக் கூட வாறது வாய்ப் புற்றுநோய்தான்.

மவுத்வாஷ் வெத்திலை மணத்தை மறைக்கிறதாலை வீட்டிலையும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். எனக்கு அதுதான் பயம். கன்னத்துக்குள்ளை வெள்ளையாயோ சிவப்பாயோ ஏதும் படை, இரண்டு கிழமையிலை ஆறாத புண், இதுகள் இருக்கோ எண்டு வெளிச்சத்திலை கண்ணாடி பிடிச்சுப் பார். இல்லாட்டியும் முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல் வைத்தியரிட்டை வாயைத் திறந்து காட்டு. எரிவு எப்ப துடங்கினது, எவ்வளவு வெத்திலை போடுறாய் எண்டு மறைக்காமல் சொல்லு.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு நானும் இவவும் வருவம். அதுக்கு முதல் காட்டிப்போட்டு என்ன சொன்னவை எண்டு போன் எடு.

அன்புடன்,
உன்ரை இராசன்